முள்ளங்கிக் காலும் மூன்று ஆப்பிள் எடையும்!

ஊருக்கு ஊர் பட்டப்பெயர் உண்டு. தெருவுக்குத் தெரு கேலிப்பேச்சு உண்டு. குண்டாக இருப்பவருக்கு ஒரு பெயர். ஒல்லியாக இருப்பவருக்கு ஒரு பெயர். உயரமாக வளர்ந்தாலும் விடமாட்டார்கள். வளராமல் போனாலும் விடமாட்டார்கள்.

ஜப்பான் நாட்டில் இந்தப் பழக்கம் எப்படி இருக்கிறது?

அங்கே பெரியவர்களைப் பார்த்தால் குனிந்து வணங்குவார்கள். பேச்சில் மரியாதை மிகுதி. ஆனால் உடம்பைப் பற்றிய பட்டப்பெயர்களும் அதே ஊரில் மலிந்து கிடக்கின்றன! அந்தப் பெயர்கள் பள்ளிக்கூடத்தில் பிறக்கின்றன. படக்கதைப் புத்தகத்தில் வளர்கின்றன. 'அனிமே' என்று சொல்லப்படும் சித்திரப் படங்களில் ஏறி உலகம் முழுவதும் சுற்றுகின்றன.

அவற்றுள் சில வேடிக்கையானவை. சில வேதனையானவை. இரண்டையும் பார்ப்போர் பிரித்து அறிய வேண்டும்.

புகழ்ச்சி இகழ்ச்சி ஆனது!

கால் தடித்த பெண்ணை ஜப்பானில் 'டைக்கோன் ஆஷி' என்று கேலி செய்வார்கள். டைக்கோன் என்பது வெள்ளை முள்ளங்கி. ஆஷி என்றால் கால். 'முள்ளங்கிக் கால்காரி' என்பது பொருள்.

இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. ஜப்பானின் மிகப் பழைய நூல்களுள் ஒன்று 'கோஜிகி'. அது 712-ம் ஆண்டில் தொகுக்கப்பட்டது. நின்டோகு என்ற சக்கரவர்த்தியின் கதை அதில் வருகிறது. அவருடைய ராணி கோபித்துக்கொண்டு போய்விடுகிறாள். அவளை நினைத்துச் சக்கரவர்த்தி பாடுகிறார். அந்தப் பாட்டில் ராணியின் வெண்மையான கைகளை முள்ளங்கிக்கு ஒப்பிடுகிறார்!

அன்று முள்ளங்கி என்றால் அழகு. வெள்ளை வெளேர் என்ற நிறத்துக்கு அது உவமை. இன்று முள்ளங்கி என்றால் கேலி. முள்ளங்கி மாறவில்லை. மனிதர்களின் கண்தான் மாறிவிட்டது!

அழகு என்பது கல்லில் வெட்டிய சட்டம் அல்ல என்பதற்கு இந்த ஒரு சொல்லே சாட்சி.

இரட்டைச் சொற்கள்

தமிழில் 'கொழுகொழு' என்கிறார்கள். 'சிடுசிடு' என்கிறார்கள். 'வெடவெட' என்கிறார்கள். இவற்றை இலக்கணத்தில் இரட்டைக்கிளவி என்பார்கள். பிரித்துச் சொன்னால் பொருள் இல்லை. சேர்த்துச் சொன்னால் ஆளே கண்முன் நிற்பான்.

ஜப்பானிய மொழியிலும் இதே வழக்கம் உண்டு. எலும்பும் தோலுமாக இருப்பவன் 'கரிகரி'. சதை தொங்கும்படி பருத்தவன் 'புக்குபுக்கு'. பூசினாற்போல் இருப்பவள் 'போச்சரி'.

'டெபு' என்பது முரட்டுச் சொல். 'தடியா' என்று முகத்தில் அடிப்பது போன்றது. 'போச்சரி' என்பதோ இதமான சொல். ஆள் ஒருவர்தான், உடம்பு ஒன்றுதான். எந்தச் சொல்லை எடுக்கிறோம் என்பதில்தான் அன்பும் வெறுப்பும் இருக்கின்றன.

குள்ளமாக இருப்பவன் 'சிபி'. நெட்டையாக வளர்ந்தவன் 'நொப்போ'. வெயில் படாமல், வெளுத்து, மெலிந்து வளரும் பிள்ளைக்கு 'மொயாஷி' என்று பெயர். மொயாஷி என்றால் முளை கட்டிய பயறு. இருட்டில் முளைக்கும் பயறு வெள்ளையாக நீண்டு துவளும் அல்லவா? அதைப் பார்த்து வைத்த பெயர் இது.

எத்தனை தலை உயரம்?

1953-ம் ஆண்டில் அமெரிக்காவில் உலக அழகிப் போட்டி ஒன்று நடந்தது. 'மிஸ் யூனிவர்ஸ்' என்பது அதன் பெயர். ஜப்பானிலிருந்து இட்டோ கினுக்கோ என்ற பெண் போனார். மூன்றாவது இடம் பெற்றார்.

போரில் தோற்று, பசியில் வாடி, மெல்ல எழுந்துகொண்டிருந்த நாடு அது. ஜனங்களுக்கு ஒரே சந்தோஷம்! அப்போது ஒரு புதுச் சொல் ஊரெங்கும் அடிபட்டது. 'ஹட்டோஷின்' என்பது அந்தச் சொல். 'எட்டுத் தலை உடம்பு' என்று பொருள். தலையின் உயரம் ஒரு பங்கு என்றால் முழு உடம்பு எட்டுப் பங்கு இருக்க வேண்டுமாம். இட்டோ கினுக்கோவின் உடல்வாகு அப்படி இருந்ததாகப் பேசினார்கள். 1959-ல் கொஜிமா அகிக்கோ என்ற ஜப்பானியப் பெண் அதே போட்டியில் முதல் பரிசே பெற்றார். ஆசியாவிலிருந்து அந்தப் பட்டம் பெற்ற முதல் பெண் அவர்.

ஆனால் அன்று முதல் ஓர் அளவுகோலும் வந்து சேர்ந்தது. சாதாரண மனிதர்களுக்கு ஏறக்குறைய ஏழு தலை உயரம்தான் இருக்கும். எட்டுத் தலை உயரம் இல்லாத பெண்கள் கண்ணாடி முன் நின்று கவலைப்படத் தொடங்கினார்கள்.

சித்திரப் படம் வரைகிறவர்களும் இந்த அளவுகோலைக் கையில் எடுத்தார்கள். வீரனுக்கும் அழகிக்கும் எட்டுத் தலை. குழந்தைத்தனமான பாத்திரத்துக்கு இரண்டே தலை! பெரிய தலை, சின்ன உடம்பு, உருண்டைக் கண். பார்த்தவுடன் தூக்கிக் கொஞ்சத் தோன்றும்.

ஆண்களையும் அளவுகோல் விடவில்லை. 1980-களின் முடிவில் ஜப்பானில் பணம் புரண்டது. 'மூன்று உயரம்' உள்ள மாப்பிள்ளை வேண்டும் என்று அப்போது சொல்வார்கள். படிப்பு உயரம், சம்பளம் உயரம், ஆளும் உயரம்! முதல் இரண்டையும் முயன்று பெறலாம். மூன்றாவதை எந்தக் கடையில் வாங்குவது?

படத்தில் ஏன் வந்தது?

சித்திரப் படங்களில் குண்டன் என்றால் சாப்பாட்டு ராமன். கண்ணாடி போட்டவன் என்றால் படிப்பாளி அல்லது பயந்தாங்கொள்ளி. இப்படி அச்சில் வார்த்தது போல் ஏன் பாத்திரங்கள் வருகின்றன?

காரணம் மிகவும் எளிது. நேரமும் பணமும்தான்!

1963-ம் ஆண்டு ஜனவரி 1-ந்தேதி ஜப்பான் டெலிவிஷனில் 'அணு வீரன் ஆட்டம்' படம் தொடங்கியது. டெசுக்கா ஒசாமு என்பவரின் படைப்பு. டாக்டருக்குப் படித்துவிட்டுப் படக்கதை வரைய வந்தவர் அவர். வாரம் ஒரு படம். அரை மணி நேரம்.

சினிமாவில் ஒரு நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. அத்தனையையும் கையால் வரைந்தால் ஒரு வாரத்தில் முடியுமா? ஒரே ஓவியத்தை மூன்று முறை படம் பிடித்தார்கள். நொடிக்கு 8 ஓவியம் போதும் என்று ஆக்கினார்கள். ஆள் பேசும்போது வாய் மட்டும் அசையும். மற்றதெல்லாம் அப்படியே நிற்கும்.

அசைவு குறைந்தால் குணத்தை எப்படிக் காட்டுவது? தோற்றத்தில் காட்டினார்கள். முடியின் நிறம், கண்ணின் வடிவம், வயிற்றின் அளவு எல்லாம் அடையாளச் சீட்டு ஆயின. பார்ப்பவர் ஒரே நொடியில் 'இவன் இன்னார்' என்று தெரிந்துகொள்வார். தெருக்கூத்தில் வேஷத்தைப் பார்த்தே ராஜா யார், கோமாளி யார் என்று தெரிவது போலத்தான் இதுவும்.

1975-ல் ஜப்பான் டெலிவிஷனில் 'கோரெஞ்சர்' என்ற தொடர் வந்தது. இது சித்திரப் படம் அல்ல, நடிகர்கள் நடித்தது. ஐந்து வண்ணத்தில் ஐந்து வீரர்கள். மஞ்சள் வீரன் தாட்டியான ஆள். 'கறி' சோறு என்றால் அவனுக்கு உயிர்! அதற்குப் பிறகு 'மஞ்சள் வீரனா? கறி தின்னும் குண்டன்தான்!' என்பது ஜப்பானில் ஒரு பேச்சு வழக்கே ஆகிவிட்டது. ஒரு பாத்திரம் ஒரு நிறத்தின் தலையெழுத்தையே எழுதிவிட்டது!

சிடுசிடுப்பும் குழைவும்

2000-ம் ஆண்டுக்குப் பிறகு குணத்துக்கும் புதுப் பட்டப்பெயர்கள் வந்தன. அனிமே பார்க்கும் இளைஞர்கள் வைத்தவை.

'ட்சுன்ட்சுன்' என்றால் சிடுசிடுப்பு. 'டெரெடெரே' என்றால் குழைவு. இரண்டையும் ஒட்டி 'ட்சுண்டெரே' என்றார்கள். வெளியே முள், உள்ளே சுளை. பலாப்பழம் போன்ற பெண் என்று வைத்துக்கொள்ளலாம். 1995-ல் வந்த 'எவாஞ்சலியன்' படத்தில் அசுக்கா என்ற பெண் இந்த வகைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகிறாள்.

வாயே திறக்காமல் இருந்து, நம்பியவரிடம் மட்டும் மனம் திறப்பவள் 'டண்டெரே'. பனிக்கட்டி போல் இருந்து உருகுபவள் 'கூடெரே'. அன்பு முற்றி வெறியாகிப் பிறரைத் துன்புறுத்துபவள் 'யாண்டெரே'. 'யாண்' என்பது நோய் என்ற சொல்லிலிருந்து வந்தது. பெயரே எச்சரிக்கைதான்!

இவை கதைக்குச் சுவை. ஆனால் நிஜமான ஒரு பெண் கூச்சத்தால் பேசாமல் இருக்கலாம். பசியால் சிடுசிடுக்கலாம். வீட்டுக் கவலையால் ஒதுங்கி நிற்கலாம். அவள் நெற்றியில் சீட்டு ஒட்டிவிட்டால், காரணம் கேட்க யாருக்கும் தோன்றாது. பட்டப்பெயர் செய்யும் முதல் தீங்கு இதுதான்.

ஒற்றை முடித் தாத்தா

உடம்பைப் பற்றிய சிரிப்பு எல்லாமே தீமையா? இல்லை.

'சாசயே சான்' என்ற குடும்பக் கதை 1946-ல் படக்கதையாகத் தொடங்கியது. எழுதியவர் ஹசெகாவா மச்சிக்கோ என்ற பெண்மணி. 1969 முதல் டெலிவிஷனில் வருகிறது. உலகிலேயே மிக நீண்ட காலம் ஓடும் சித்திரத் தொடர் அதுதான். அதில் வரும் குடும்பத் தலைவர் நமிஹெய். வழுக்கைத் தலை, உச்சியில் ஒரே ஒரு முடி! அந்த முடியை அவர் உயிராகப் போற்றுவார். பார்ப்போர் அவரோடு சேர்ந்து சிரிப்பார்கள், அவரை வெறுப்பதில்லை.

டோக்கியோவில் சகுராஷின்மாச்சி என்ற பகுதியில் அந்தக் குடும்பத்துக்குச் சிலைகள் வைத்தார்கள். 2012-ல் நமிஹெய் சிலையின் ஒற்றை முடியை யாரோ பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள்! ஊரார் திரும்பவும் முடியை நட்டார்கள். திருடுபோன ஒற்றை முடிக்காகப் பத்திரிகைகளே பரபரத்தன.

கூடச் சேர்ந்து சிரிப்பது வேறு. ஆளை நிறுத்தி வைத்துச் சிரிப்பது வேறு.

சிண்டரெல்லா எடை!

இப்போது வேதனையான பக்கத்துக்கு வரலாம்.

'ஹலோ கிட்டி' என்ற பூனைக்குட்டிப் பொம்மையைப் பலர் பார்த்திருப்பார்கள். அதன் உயரம் ஐந்து ஆப்பிள். எடை மூன்று ஆப்பிள். இது கம்பெனியே சொல்லும் கணக்கு. அழகான வேடிக்கை!

ஆனால் பெண்பிள்ளைகள் தங்களுக்கும் இப்படிக் கணக்குப் போட்டால்? ஜப்பானில் 'சிண்டரெல்லா எடை' என்று ஒரு சொல் பரவியிருக்கிறது. சிண்டரெல்லா கதையில் வரும் இளவரசி போல் மெலிந்திருக்க வேண்டும் என்று பொருள். உயரத்தை மீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 20-ஆல் பெருக்கி, பிறகு 0.9-ஆல் பெருக்க வேண்டுமாம்.

160 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண்ணுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 46 கிலோ வரும். அதே உயரத்துக்கு ஜப்பானிய டாக்டர்கள் சொல்லும் சரியான எடை 56 கிலோ. பத்து கிலோ குறைவு! மருத்துவக் கணக்குப்படி இது எடைக் குறைவு என்ற வரிசையில் சேர்ந்துவிடும்.

இளவரசியின் பெயரை வைத்துவிட்டால் பட்டினியும் அழகாகத் தெரிகிறது. இதுதான் சொல்லின் மாயம்.

ஜப்பானில் 20 வயதிலிருந்து 29 வயதுக்குள் இருக்கும் பெண்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் எடை குறைந்தவர். பணக்கார நாடு, அரிசியும் மீனும் நிறைந்த நாடு. அங்கே இந்த நிலை! மிகவும் மெலிந்தால் மாதவிலக்கு நிற்கும். எலும்பு வலு இழக்கும். பிறக்கும் குழந்தையும் எடை குறைந்து பிறக்கும். 2025-ம் ஆண்டு ஏப்ரலில் ஜப்பானின் உடல் பருமன் ஆராய்ச்சிக் கழகமே, இளம் பெண்களின் மெலிவை ஒரு நோய்த் தொகுதியாகக் கொண்டு கவனிக்க வேண்டும் என்று கூறியது. பருமனை ஆராய வந்தவர்கள் மெலிவைப் பற்றிக் கவலைப்படும் காலம் வந்துவிட்டது!

பருமனைப் பற்றியும் ஒரு சொல் உண்டு. 2008 ஏப்ரலில் 40 முதல் 74 வயது வரை உள்ளவர்களுக்கு ஜப்பான் அரசு ஒரு பரிசோதனையைக் கொண்டுவந்தது. இடுப்பை அளப்பார்கள். ஆணுக்கு 85 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 90 சென்டிமீட்டர் எல்லை. தாண்டினால் அபராதம் இல்லை, ஆலோசனை சொல்வார்கள். நல்ல எண்ணத்தில் பிறந்த திட்டம். ஆனால் அந்த நோயின் நீண்ட பெயரை ஜனங்கள் 'மெட்டாபோ' என்று சுருக்கினார்கள். அதுவும் தொந்தி வைத்தவர்களைக் கேலி செய்யும் பட்டப்பெயர் ஆகிவிட்டது!

ஒரு நடிகையின் பதில்

2021-ல் டோக்கியோவில் ஒலிம்பிக் பந்தயம் நடந்தது. தொடக்க விழாவுக்குப் பொறுப்பாக இருந்த படைப்புத் தலைவர், ஒரு வருஷம் முன்பு ஒரு யோசனை சொல்லியிருந்தார். வாத்தனாபே நவோமி என்ற பிரபல நகைச்சுவை நடிகைக்குப் பன்றி வேஷம் போடலாம் என்பது அந்த யோசனை. நவோமி பருமனானவர். ஒலிம்பிக் என்ற சொல்லின் கடைசியில் 'பிக்' வருகிறது அல்லவா? ஆங்கிலத்தில் பன்றிக்கும் கிட்டத்தட்ட அதே ஒலி. அதை வைத்து ஒரு சிலேடை!

உடன் இருந்தவர்களே வேண்டாம் என்று தடுத்துவிட்டார்கள். ஆனால் 2021 மார்ச்சில் விஷயம் பத்திரிகையில் வெளிவந்தது. அவர் மன்னிப்புக் கேட்டுப் பதவி விலகினார்.

நவோமி என்ன சொன்னார்? தமது உடல் தமக்குச் சந்தோஷம் தருகிறது என்றார். ஒவ்வொருவரையும் அவரவர் இயல்போடு மதிக்கும் உலகம் வேண்டும் என்றார். அழவில்லை, ஆத்திரப்படவில்லை. 2013-ல் 'லா பார்ஃபா' என்ற பெண்கள் பத்திரிகை பருமனான பெண்களுக்காகவே தொடங்கியபோது, அதன் அட்டையை அலங்கரித்தவர் அவர். கேலிக்கு முன் நிமிர்ந்து நின்றவர்.

ஆனால் எல்லோரும் நவோமி ஆக முடியாது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு அந்தப் பலம் எங்கிருந்து வரும்?

அதனால்தான் 2013-ல் பள்ளிகளில் கொடுமைப்படுத்துவதைத் தடுக்க ஜப்பான் ஒரு சட்டம் இயற்றியது. அடிப்பது மட்டும் கொடுமை அல்ல. மனம் நோகச் செய்வதும் கொடுமை. இணையத்தில் எழுதுவதும் கொடுமை என்று அந்தச் சட்டம் கூறுகிறது. 2020-ல் டெலிவிஷன் நிகழ்ச்சியில் தோன்றிய ஓர் இளம் மல்யுத்த வீராங்கனை, இணையத்தில் குவிந்த வசைகளுக்குப் பிறகு உயிர் இழந்தார். நாடே அதிர்ந்தது. 2022-ல் பிறரை இழிவுபடுத்தும் குற்றத்துக்குத் தண்டனையை உயர்த்தினார்கள். முன்பு 30 நாளுக்கும் குறைந்த காவல் அல்லது 10,000 யென்னுக்கும் குறைந்த அபராதம். இப்போது ஒரு வருஷம் வரை சிறை; 3 லட்சம் யென் வரை அபராதம்!

ஜைக்கோவின் பெயர் என்ன?

நீல நிறப் பூனை 'டோரேமான்' தமிழ்நாட்டுக் குழந்தைகளுக்கும் பழக்கமானது. தமிழிலேயே பேசிக்கொண்டு வீடுகளுக்குள் வந்தது அது. அதன் உயரம் 129.3 சென்டிமீட்டர். எடை 129.3 கிலோ. மார்பளவும் 129.3 சென்டிமீட்டர்! குண்டுப் பூனைதான், ஆனால் குழந்தைகளுக்கு அதைவிட நல்ல தோழன் இல்லை.

அந்தக் கதையில் ஜியான் என்ற முரட்டுப் பையன் உண்டு. ஜியான் என்பதே பட்டப்பெயர்தான். 'ராட்சதன்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. சொந்தப் பெயர் கோடா டக்கேஷி. அவனுக்கு ஒரு தங்கை. பருமனான சிறுமி. அவளை எல்லோரும் ஜைக்கோ என்கிறார்கள். 'ஜியானின் தங்கை' என்ற பொருளில் வைத்த பட்டப்பெயர் அது.

அவளுடைய சொந்தப் பெயர் என்ன? கதையில் எங்கும் இல்லை!

அந்தக் கதையைப் படைத்தவர் ஃபுஜிக்கோ எஃப். ஃபுஜியோ. 1933-ல் பிறந்து 1996-ல் மறைந்தவர். அவர் வேண்டுமென்றேதான் பெயர் வைக்கவில்லை என்று ஜப்பானில் சொல்கிறார்கள். ஜைக்கோவுக்கு ஒரு பெயர் வைத்தால், அதே பெயருள்ள சிறுமிகள் நாடெங்கும் பள்ளிகளில் இருப்பார்களே! அவர்களை மற்றப் பிள்ளைகள் கேலி செய்வார்களே! அந்த ஒரு நினைப்பில் பெயரையே விட்டுவிட்டாராம்.

முதலில் ஜைக்கோ வெறும் கேலிப் பாத்திரமாகத்தான் வந்தாள். போகப் போக அவர் அவளை உயர்த்தினார். படக்கதை எழுதும் ஆசையுள்ள, உழைப்புள்ள பெண்ணாக ஆக்கினார். அவளுக்கு 'கிறிஸ்டீன் கோடா' என்று புனைபெயர்கூடக் கொடுத்தார். சொந்தப் பெயர் இல்லாத சிறுமிக்குப் புனைபெயர்! அதில் எவ்வளவு பரிவு!

மியாசாக்கி ஹயாவோ என்ற மேதையும் இப்படித்தான். 2001-ல் வந்த அவருடைய படம் ஆஸ்கார் பரிசு பெற்றது. அதன் நாயகி சிஹிரோ. எட்டுத் தலை அழகி அல்ல. பத்து வயதுச் சாதாரணச் சிறுமி. 1992-ல் வந்த படத்தில் நாயகனின் முகம் பன்றி முகம். ஆனால் அவன் வீரன். 2004-ல் வந்த படத்தில் நாயகி தொண்ணூறு வயதுக் கிழவியாக மாறிவிடுகிறாள். கூன் விழுந்த அந்தக் கிழவிதான் கதையைத் தாங்குகிறாள்!

வீட்டில் தொடங்க வேண்டும்

தமிழ்நாட்டிலும் 'குண்டு', 'ஒல்லிப்பிச்சான்', 'சோடாபுட்டி' என்ற பெயர்கள் இல்லாத வகுப்பறை இல்லை. பல வேளைகளில் இந்தப் பெயரை முதலில் வைப்பவர்கள் பள்ளித் தோழர்கள் அல்ல. வீட்டுப் பெரியவர்களேதான்! செல்லமாகத்தான் வைக்கிறார்கள். ஆனால் பிள்ளை வளர்கிறது. பெயரும் கூடவே வளர்கிறது. கண்ணாடி போட வெட்கப்பட்டுக் கரும்பலகை தெரியாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் உண்டு. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்திருக்கும் பெண்கள் உண்டு.

குழந்தைகள் சித்திரப் படம் பார்ப்பதைத் தடுக்க வேண்டியதில்லை. கூட உட்கார்ந்து பார்த்தால் போதும். 'குண்டாக இருப்பவன் ஏன் எப்போதும் தின்றுகொண்டே இருக்கிறான்? வரைந்தவருக்கு நேரம் இல்லை, அதனால்தான்' என்று தாய்மார்கள் சொல்லிக் கொடுக்கலாம். குழந்தை புரிந்துகொள்ளும்.

படத்தில் உள்ள உருவத்துக்கு ஒரே ஒரு குணம் போதும். உயிருள்ள பிள்ளைக்கு ஆயிரம் குணம் உண்டு. அவற்றை எல்லாம் மூடிவிடும்படி ஒரு பட்டப்பெயரை ஒட்டிவிடக் கூடாது.

கற்பனைச் சிறுமி ஒருத்திக்குப் பெயர் வைக்கும் முன், முகம் தெரியாத பிள்ளைகளை நினைத்துப் பார்த்தார் ஒரு சித்திரக்காரர். கண் எதிரே நிற்கும் சொந்தப் பிள்ளையைக் கூப்பிடும் முன், பெற்றவர்கள் ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்கக் கூடாதா?

நல்ல பெயராகத் தேடி வைத்தவர்கள் அவர்கள்தாமே! அந்தப் பெயரைச் சொல்லியே கூப்பிடட்டும்.